களை பறிக்க ஆள் இல்லையா, கூலி இல்லையா?

"களை பறிக்க ஆளே கிடைக்க மாட்டேங்குது."

கொட்டாரத்தில் நெல் வயல் வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போட்டிருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர். ஒன்று கடல் மட்டத்தை ஒட்டிய ஊர், இன்னொன்று குளிரில் நடுங்கும் மலை. மண் வேறு, பயிர் வேறு, மழை வேறு. புலம்பல் மட்டும் ஒன்று!

இந்தப் புலம்பலுக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. முதல் பதில் மருந்துக் கடையில் கிடைக்கும்: "ஒரு பாட்டில் வாங்கி அடிங்க, வேலை முடிஞ்சது." இரண்டாவது பதில் நகரத்து இயற்கை அங்காடியில் கிடைக்கும்: "களைக்கொல்லி விஷம். மொத்தமாகத் தடை செய்யுங்கள். கையால் பறிக்கட்டும்."

முதல் கூட்டமும் இரண்டாவது கூட்டமும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் அருமையான ஒற்றுமை. இருவருமே களை பறிக்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருவர் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்னொருவர் அவளைத் திரும்பக் கூப்பிட்டு, அதே பழைய கூலிக்குக் குனியச் சொல்கிறார்.

களைக்கொல்லி விஷமா இல்லையா என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பயிர் யாருடைய முதுகின் மேல் வளர்ந்தது? அந்த முதுகுக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது? இதைக் கேட்காமல் பாட்டிலை விற்பதும் மோசடி, பாட்டிலைத் தடை செய்வதும் மோசடி.

கேரட் ஏன் மாட்டிக்கொண்டது?

கொட்டாரத்தில் கேரட் விளையாது. அங்குள்ள வெயிலுக்கு அது ஒத்துவராது. ஆனால் அவியலுக்கும் சாம்பாருக்கும் கேரட் இல்லாத கடை கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்டா? மலையிலிருந்து இறங்கி, மேட்டுப்பாளையம் மண்டி வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் போகிறது ஊட்டி கேரட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் சல்லிவன் காலத்தில் ஐரோப்பியக் காய்கறிகள் நீலகிரிக்கு வந்தன. இன்று அந்த மலையின் அடையாளமே கேரட்டும் தேயிலையும்தான்.

களையோடு சண்டை போடுவதற்குக் கேரட்டைப் போல லாயக்கில்லாத பயிர் குறைவு. நெல் நாற்று நடும்போதே ஒரு சாண் உயரம் இருக்கும். களை முளைப்பதற்குள் அது ஓடத் தொடங்கிவிடும். கேரட் அப்படி இல்லை. பொடி விதை. நேரடியாக மண்ணில் விதைக்க வேண்டும். பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிப்போகும். விதைத்தபின் முளை வெளியே தலைகாட்ட 10 நாளிலிருந்து 20 நாள் வரை ஆகும். அதற்குள் களை முளைத்து, இலை விட்டு, வீடு கட்டிக் குடியேறிவிடும்!

முளைத்த பிறகாவது வேகம் உண்டா என்றால் அதுவும் இல்லை. இறகு போன்ற மெல்லிய இலை. மண்ணுக்கு நிழல் தராது. பீட்ரூட்டோ முட்டைக்கோசோ இலையை விரித்துக் களைக்கு வெயில் கிடைக்காமல் செய்யும். கேரட்டால் அது முடியாது. அதனால் முதல் ஆறு வாரம் யாராவது அதற்காகச் சண்டை போட்டே ஆக வேண்டும். அந்த ஆறு வாரத்தில் விட்டுவிட்டால் பிறகு பறித்துப் பயனில்லை. களையைப் பிடுங்கும்போது கிழங்கும் சேர்ந்து ஆட்டம் காணும்.

மூன்றரை மாதப் பயிருக்கு முதல் ஆறு வாரக் காவல். அந்தக் காவல் வேலை யாருடையது? பெண்களுடையது. குந்தி உட்கார்ந்து, வரிசைக்கு வரிசை நகர்ந்து, ஒரு விரல் உயரக் கேரட் நாற்றையும் ஒரு விரல் உயரக் களையையும் பிரித்துப் பார்த்துப் பறிக்கும் வேலை. இதற்குக் கண் வேண்டும், பொறுமை வேண்டும், முழங்கால் வேண்டும். கூலிப் பட்டியலில் மட்டும் இது "சாதாரண வேலை".

நீலகிரியில் இந்த வேலையைச் செய்தவர்களில் ஒரு பகுதியினர் 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பாட்டி இலங்கைத் தேயிலைக்குக் களை எடுத்தாள், பேத்தி ஊட்டி கேரட்டுக்குக் களை எடுத்தாள். பேத்தியின் பிள்ளைகள் படித்துக் கோவைக்கும் திருப்பூருக்கும் போனதும், "ஆள் கிடைக்கவில்லை" என்ற புலம்பல் ஆரம்பித்தது. இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதாவது ஆள் இல்லாமல் இல்லை. அந்தக் கூலிக்கு, அந்த வேலைக்கு, வேறு வழி உள்ளவர்கள் வரவில்லை. அவ்வளவுதான்.

"ரொம்ப பாதுகாப்பானது" என்பதன் ஆயுள்

கேரட்டுக்குக் களைக்கொல்லி வந்த கதை வேடிக்கையானது. 1940களில் அமெரிக்காவில் துணிகளை உலர்சலவை செய்யப் பயன்படுத்திய ஒரு பெட்ரோலிய எண்ணெயைக் கேரட் வயலில் தெளித்துப் பார்த்தார்கள். களைகள் கருகின. கேரட் பிழைத்துக்கொண்டது! கேரட், கொத்துமல்லி, சீரகம் எல்லாம் ஒரே குடும்பம். அந்த எண்ணெயைத் தாங்கும் சக்தி அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. உடனே உலர்சலவை எண்ணெய் விவசாய இடுபொருள் ஆகிவிட்டது.

பிறகு 1960களில் லினுரான் வந்தது. கேரட் முளைப்பதற்கு முன்னும் அடிக்கலாம், முளைத்த பின்னும் அடிக்கலாம், கேரட்டுக்கு ஒன்றும் ஆகாது. உலகம் முழுக்கக் கேரட் விவசாயத்தின் செல்லப்பிள்ளையாக அரை நூற்றாண்டு இருந்தது. "பரிந்துரைத்த அளவில் பயன்படுத்தினால் பாதுகாப்பானது" என்ற வாக்கியம் அதற்கும் சொல்லப்பட்டதுதான்.

2017இல் ஐரோப்பிய ஒன்றியம் லினுரானுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இனப்பெருக்கத்தையும் ஹார்மோன்களையும் பாதிக்கும் தன்மை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. 2018 ஆகஸ்டில் இந்திய அரசு 18 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை ஆணை பிறப்பித்தது. அந்தப் பட்டியலில் லினுரானும் இருந்தது. கேரட்டுக்குப் பல நாடுகளில் பயன்பட்ட இன்னொரு களைக்கொல்லியான டிரைஃப்ளூராலினும், கோதுமைக்கு மட்டும் விலக்கு கொடுத்து, அதே பட்டியலில் சேர்க்கப்பட்டது.

சரி, தடை வந்தது. நல்லது. ஆனால் ஒரு கேள்வி. அரை நூற்றாண்டு அதை முதுகில் சுமந்து அடித்தவர்களிடம் யாராவது போய், "அய்யா, பாதுகாப்பானது என்று சொன்னோம், இப்போது இல்லை என்கிறோம், உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்களா? எந்த நாட்டிலும் இதற்கென்று ஒரு கவுண்டர் திறந்ததாகத் தெரியவில்லை. "பாதுகாப்பானது" என்ற சொல்லுக்கும் பாட்டிலைப் போலவே காலாவதி தேதி உண்டு. பாட்டிலில் அச்சடிக்கிறார்கள், சொல்லில் அச்சடிப்பதில்லை.

யார் தட்டில் விஷம், யார் தோளில் விஷம்

கேரட்டுக்கு இன்று அதிகம் பேசப்படுவது பென்டிமெத்தலின். விதைத்த ஓரிரு நாளில் ஈர மண்ணின் மேல் தெளிப்பது. களை விதை முளைக்கும்போதே வேரையும் தண்டையும் வளர விடாமல் செய்துவிடும். 2020 மே மாதம் மத்திய அரசு 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய ஒரு வரைவு ஆணை வெளியிட்டது. அதில் பென்டிமெத்தலினும் இருந்தது, நெல்லுக்கு அடிக்கும் பியூட்டாகுளோரும் 2,4-டியும் இருந்தன. மூன்று வருடம் பேச்சு நடந்தது. 2023இல் இறுதி ஆணை வந்தபோது முழுத்தடைக்கு மிஞ்சியவை டைகோஃபால், டைனோகேப், மெத்தோமில் என்று மூன்றே மூன்று! மலை எலியை ஈன்ற கதை.

பென்டிமெத்தலினால் எல்லாக் களையும் போய்விடுமா என்றால் அதுவும் இல்லை. விதையிலிருந்து முளைப்பதைத்தான் அது பிடிக்கும். குமிழிலிருந்து கிளம்பும் புளியாரையையும், கிழங்கிலிருந்து கிளம்பும் கோரையையும் அது பெரிதாக அசைக்காது. நீலகிரி விவசாயிகளைக் கேளுங்கள், புளியாரை என்றாலே தலையில் கை வைப்பார்கள். ஆக, மருந்து அடித்த பிறகும் குனிந்து பறிக்க ஆள் வேண்டும். முன்னைவிடக் குறைவான ஆள், குறைவான நாள். அவ்வளவே.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே கவலை: "கேரட்டில் மருந்து எச்சம் இருக்குமா?" இது நியாயமான கவலை, சோதனைகள் தொடர்ந்து நடக்கத்தான் வேண்டும். ஆனால் விதைத்த வாரத்தில் அடித்த களைக்கொல்லிக்கும், மூன்று மாதம் கழித்துப் பிடுங்கிக் கழுவி வரும் கேரட்டுக்கும் இடையே நீண்ட காலம் ஓடிவிடுகிறது. பெரிய ஆபத்து சாப்பிடுகிறவரின் தட்டில் இல்லை. அது அடித்தவரின் தோளில் இருக்கிறது. தெளிப்பான் ஒழுகி முதுகில் வடிகிறது. காற்று திரும்பினால் முகத்தில் படுகிறது. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கையுறை இல்லாமல், வெறும் காலோடு ஈர மண்ணில் பின்பக்கமாக நடந்து அடிக்கிறார்கள்.

அடுத்த ஆபத்து ஓடையில் இருக்கிறது. பென்டிமெத்தலின் மண் துகளோடு ஒட்டிக்கொள்ளும், மீன்களுக்குக் கொடிய நஞ்சு. சமவெளியில் மண்ணோடு ஒட்டிக்கிடந்தால் சரி. சரிவான மலையில் மண்ணே மழையோடு கிளம்பிப் போகும்போது? மண் போகும் இடத்துக்கு மருந்தும் போகும். கழுவிப் பளபளப்பாக்கிய கேரட்டைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் அந்த ஓடையைப் பார்ப்பதில்லை.

பாட்டிலில் எச்சரிக்கை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டு விதிகளும் முக்கோண அடையாளத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. ஆனால் பச்சை முக்கோணம் என்றால் "நஞ்சே இல்லை" என்று அர்த்தமில்லை, "கொஞ்சம் நஞ்சு" என்று அர்த்தம். இதை எந்தக் கடைக்காரர் விளக்கி விற்கிறார்? உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுப் பிரசுரத்தின் எழுத்து எறும்பு ஊர்வது போல இருக்கும். அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். கடைசியில் "மருந்து" என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. மருந்து என்றால் யாருக்குப் பயம் வரும்?

கொட்டாரம் பக்கம் திரும்பினால்...

மலையில் கேரட்டுக்கு நடந்ததுதான் கீழே நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கும் நடந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. நெல்லுக்குக் கேரட்டுக்கு இல்லாத ஒரு காவல்காரன் இருந்தான். தண்ணீர்!

தொளி அடித்து, நாற்று நட்டு, வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் பாதிக்கு மேல் களை மூச்சு முட்டிச் சாகும். உலகின் பழைய களைக்கொல்லி தேங்கி நிற்கும் தண்ணீர்தான். அதற்குப் பாட்டில் கிடையாது, கம்பெனி கிடையாது. ஆனால் அது நேரத்துக்கு வர வேண்டும். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் தண்ணீருக்குக் கொட்டாரம் பக்கம் கடைசிப் பக்கம். கன்னிப்பூவுக்கோ கும்பப்பூவுக்கோ மேலே உள்ளவர்களுக்கு வந்து, கால்வாயில் அடைபட்டது போக, மிச்சம்தான் கீழே வரும். தண்ணீர் பத்து நாள் தாமதமானால் வயல் காயும். காய்ந்த வயலில் குதிரைவாலியும் கோரையும் நெல்லுக்கு முன்னால் எழுந்து நிற்கும். பொடி விதைப்பு விதைத்த வயலில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே கடைமடையில் களை என்பது வெறும் செடி இல்லை. கால்வாய் தூர் வாராததற்கு வயல் கொடுக்கும் ரசீது அது. அந்த ரசீதுக்குப் பணம் கட்டியவர்கள் களை பறிக்க வந்த பெண்கள்.

அவர்களோடு நடந்த பேரம் எப்படி இருக்கும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"நாளைக்கு நாலு பேரக் கூட்டிக்கிட்டு களைக்கு வாறியா?"

"கூலி எவ்வளவு தருவிய, அண்ணாச்சி?"

"போன பூவுக்குத் தந்ததுதான்."

"அப்ப வேற ஆளப் பாருங்க."

இந்த நாலு வரியின் முதல் மூன்றையும் விழுங்கிவிட்டு, கடைசி வரியை மட்டும் டீக்கடையில் வந்து சொல்வதற்குப் பெயர்தான் "ஆள் கிடைக்கவில்லை"!

உழவுக்கும் வரப்பு வெட்டுக்கும் ஆண் கூலி ஒன்று. நடவுக்கும் களைக்கும் பெண் கூலி வேறு. 1976லேயே சமவேலைக்குச் சமகூலி என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதைத் தாண்டுவதற்கு வயல் கண்டுபிடித்த வழி சுலபமானது. வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால் "சமவேலை" எங்கே வரும்? மண்வெட்டி பிடித்தால் வேலை, குனிந்து பறித்தால் "சும்மா களை பறிப்பு". இந்த மலிவுதான் இத்தனை காலம் களைக்கொல்லிக்கு வேலை இல்லாமல் வைத்திருந்தது. அவள் கூலி ஏறத் தொடங்கியதும்தான் மருந்து லாபமானது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறு நாள் வேலை வந்தபோது வயல் வைத்திருந்தவர்கள் அதைத் திட்டிய காரணமும் இதுதான். ஒரு பெண்ணுக்கு "மாட்டேன்" என்று சொல்ல ஒரு இடம் கிடைத்துவிட்டதே!

பியூட்டாகுளோரை மணலில் கலந்து நட்ட சில நாளில் வயலில் தூவுவது ஒருவரின் ஒரு காலை நேர வேலை. நாலைந்து பெண்கள் இரண்டு நாள் செய்ததை ஒரு ஆள் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் செய்துவிடுவார். வேலை குறைந்தது உண்மை. ஆனால் குறைந்த வேலை யாருடையது, மிச்சமான காசு யாருடையது என்பதைக் கவனியுங்கள். அவளுக்குக் கூலியோடு இன்னொன்றும் போனது. களையோடு களையாக அவள் மடியில் கட்டிக்கொண்டு போன ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி. ஆட்டுக்கு ஒரு கட்டுப் புல். வேளாண் புத்தகத்தில் இவை எல்லாம் "களை". அவள் வீட்டு அடுப்பில் இவை குழம்பு.

தடை கேட்கும் நண்பர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, "அதனால்தான் சொல்கிறோம், தடை செய்யுங்கள்" என்று குதிக்க வேண்டாம். தடை செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

இலங்கை 2015இல் கிளைஃபோசேட்டைத் தடை செய்தது. வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்தான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் கிளைஃபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற பிரிவில் வைத்தது. நோக்கம் கெட்டதல்ல. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் களை ஆணையைப் படித்துவிட்டு முளைக்காமல் இருக்குமா? வேறு மருந்துகளுக்குப் போனார்கள். எம்.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லியின் எச்சம் தேயிலையில் இருக்கிறது என்று ஜப்பானிலிருந்து புகார் வந்தது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. பிறகு 2021 ஏப்ரலில் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி எல்லாவற்றின் இறக்குமதிக்கும் ஒரே அடியில் தடை. விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், அந்த நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது.

இந்த ஆறு வருடத்தில் எத்தனையோ கூட்டம் நடந்தது. அட்டை கடிக்கும் மலைச்சரிவில் களை எடுக்கும் மலையகப் பெண்ணின் கூலியும் முழங்காலும் எத்தனை கூட்டத்தில் முதல் பொருளாக இருந்தன?

கையால் களை பறிப்பது ஏதோ புனிதமான வேலை என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கீரை வயல்களிலும் பீட் வயல்களிலும் ஒரு அடி நீளப் பிடி போட்ட குட்டைக் கொத்துகளைக் கொடுத்து நாள் முழுக்கக் குனிய வைத்தார்கள். தொழிலாளர்கள் போராடி, வழக்கு நடத்தி, 1975இல் அந்தக் குட்டைக் கொத்துக்கே தடை வாங்கினார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? சில இடங்களில் கொத்தைப் பிடுங்கிக்கொண்டு, வெறும் கையால் பறிக்கச் சொன்னார்கள்! 2004இல் அந்த மாநிலம் குனிந்து கையால் களை பறிப்பதையும் கட்டுப்படுத்தியது. அதில் யாருக்கு விலக்கு தெரியுமா? இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கு. இயற்கைக் கேரட்டுக்குக் குனிந்தால் முதுகு வலிக்காது போலிருக்கிறது!

"இயற்கை" என்று எழுதி இரட்டை விலைக்கு விற்கும் கேரட்டை வாங்கும்போது அந்த இரட்டிப்பில் களை பறித்தவளுக்கு எவ்வளவு போனது என்று ஒரு முறையாவது கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார்.

மருந்து விற்கும் நண்பர்களுக்கு

உங்களுக்கும் பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஒரே களைக்கொல்லியை, ஐசோபுரோட்யூரானை, வருடக்கணக்கில் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஃபலாரிஸ் மைனர் என்ற புல் அதற்குப் பழகிக்கொண்டது. மருந்துக்குச் சாகாத களை நிறைந்ததால், பலர் பயிரையே வெட்டி மாட்டுக்குப் போட வேண்டியதாயிற்று. களையும் படிக்கும், களையும் பட்டம் வாங்கும். அது நெல்லிலும் நடக்கலாம், கேரட்டிலும் நடக்கலாம்.

பாராகுவாட்டைக் கேரளம் 2011இல் நிறுத்தியது. உடலுக்குள் போய்விட்டால் முறிக்க மருந்து இல்லாத நஞ்சு அது. கேரளத்து எல்லையை ஒட்டிய மாவட்டம் கன்னியாகுமரி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆகாத பாட்டில் இந்தப் பக்கம் எப்படி ஆகும் என்று கேட்டால், சட்டத்தின் 27ஆம் பிரிவு மாநில அரசுக்குக் கொடுக்கும் அதிகாரம் 60 நாள் தடைதான் என்று பதில் வரும். அறுபது நாளில் விஷம் திருந்திவிடுமா?

2022 அக்டோபரில் மத்திய அரசு ஒரு ஆணை போட்டது. கிளைஃபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம் மட்டுமே அடிக்க வேண்டுமாம். வரப்பிலும் தென்னந்தோப்பிலும் அடிக்க எந்தச் சிறு விவசாயி உரிமம் வாங்கிய ஆளைத் தேடிப் போவார்? அடிப்பவருக்குப் பாதுகாப்பு கொடுக்க வராத ஆணை, ஏதாவது நடந்தால் "நாங்கள்தான் சொன்னோமே" என்று கை கழுவ மட்டுமே உதவும்.

அப்படியானால் என்னதான் வழி?

குறை சொல்வது சுலபம் என்பார்கள். வழிகளும் இருக்கின்றன. எதுவும் புதிதல்ல.

1. விதைக்கும் முன்னாலேயே களையை ஏமாற்றலாம். பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் காத்திருந்தால் களை முதலில் முளைக்கும். அதை மேலாகக் கொத்திக் கொன்றுவிட்டு, மண்ணை ஆழமாகக் கிளறாமல் கேரட்டை விதைக்கலாம். ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போய், விதைத்த வரிசையில் ஓரிடத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைக்கிறார்கள். சூட்டில் கண்ணாடிக்குக் கீழே கேரட் ஓரிரு நாள் முன்னால் முளைக்கும். அதைப் பார்த்ததும் மற்ற இடங்களில் தீச்சுவாலையால் களையை வாட்டிவிடுகிறார்கள். மண்ணுக்குள் இருக்கும் கேரட் பிழைத்துக்கொள்ளும். ஒரு கண்ணாடித் துண்டுக்கு என்ன செலவு?

2. கருவி வேண்டும், அது பெண்ணின் கைக்கு வர வேண்டும். ஒற்றை நாற்று நடவு தமிழ்நாட்டில் பரவியபோது கோனோவீடர் வந்தது. சதுரமாக நட்ட வயலில் நின்றபடியே உருட்டிக் களையை மண்ணுக்குள் அமுக்கலாம். நல்ல கருவி. ஆனால் பல இடங்களில் கருவி வந்ததும் வேலை ஆணுக்குப் போய்விட்டது, கூலியும் ஏறிவிட்டது! குனிந்தபோது அவள் வேலை, நிமிர்ந்ததும் அவன் வேலை. அவள் உயரத்துக்கும் பலத்துக்கும் ஏற்ற கருவியைச் செய்து, மானியத்தை அவள் பெயரில், அவளது சுய உதவிக் குழுவின் பெயரில் கொடுங்கள். திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஊட்டியில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புது ரகம் வெளியிடுவது போலப் பெண்ணுக்கான களைக் கருவியையும் விழா எடுத்து வெளியிடட்டும்.

3. கடைமடைக்குத் தண்ணீர் நேரத்துக்கு வரட்டும். கால்வாயைத் தூர் வாருவதும் களைக் கட்டுப்பாடுதான்.

4. மருந்து அடித்தே ஆக வேண்டிய இடத்தில் அடிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம், காலுறை எல்லாம் பாட்டிலோடு சேர்ந்து வரட்டும். விலையில் சேர்த்துக்கொள்ளட்டும். எறும்பு எழுத்துப் பிரசுரத்துக்குப் பதில் கடையில் ஒருவர் வாயால் சொல்லித் தரட்டும்.

5. கடைசியாக, கூலி. களை பறிப்பது சாதாரண வேலை இல்லை, தேர்ச்சி வேண்டிய வேலை. வரப்பு வெட்டுகிறவரின் கூலிக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் அது ஏமாற்று.

"இந்தக் கூலியைக் கொடுத்தால் விவசாயி எப்படிப் பிழைப்பார்?" நியாயமான கேள்வி. அரை ஏக்கர் கேரட் போட்டவர் வில்லன் இல்லை. மண்டியில் விலை விழுந்தால் பிடுங்கும் கூலிக்கே கட்டாமல் கேரட்டை மண்ணிலேயே விட்டு உழுகிறவர் அவர். நஷ்டத்தைத் தள்ளிவிட அவருக்குக் கீழே இருப்பவள் களை பறிப்பவள் மட்டும்தான், அதனால் அவள் தலையில் தள்ளுகிறார். அவருக்கும் மேலே மண்டி இருக்கிறது, கடை இருக்கிறது, கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் ஊரே கூட்டும் வாடிக்கையாளர் இருக்கிறார். மேலே இருக்கும் யாரும் எதையும் விடாமல் கீழே இருப்பவளை மட்டும் "பறி" என்றோ "போ" என்றோ சொல்வதற்கு இயற்கை விவசாயம் என்றும் பெயர் வைக்கலாம், நவீன விவசாயம் என்றும் பெயர் வைக்கலாம். பெயரில் என்ன இருக்கிறது?

இனி யாராவது "களை பறிக்க ஆள் கிடைக்க மாட்டேங்குது" என்று சொன்னால், மருந்தின் பெயரையும் சொல்ல வேண்டாம், இயற்கையின் பெருமையையும் பேச வேண்டாம். ஒரே ஒரு கேள்வி போதும்.

"எவ்வளவு கூலிக்குக் கூப்பிட்டீங்க?"